தோட்டத்துக் குப்பையை அள்ள வேண்டியவர் யார்?

வெலிமடை நகரில் காய்கறிச் சந்தை முடிந்த பிறகு சேரும் குப்பையை அள்ளுவது பிரதேச சபையின் பொறுப்பு என்பதில் எவருக்கும் ஐயமில்லை. கடைவீதியில் வண்டி வராவிட்டால் வியாபாரிகள் சபைக்குச் சென்று முறையிடுவார்கள். ஆனால் அதே சபையின் எல்லைக்குள், அதே சபைக்கு வாக்களிக்கும் ஒரு தோட்டத்து லயத்தில் சேரும் குப்பையை அள்ள வேண்டியவர் யார் என்று கேட்டால், சபை தோட்ட நிருவாகத்தைச் சுட்டும்; நிருவாகமோ சபையைச் சுட்டும். இந்தக் குழப்பம் நேற்று உருவானதன்று. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கால உள்ளூராட்சி வரலாறு இதற்குப் பின்னால் இருக்கிறது.

ஆங்கிலேயர் காலத்தில் தோட்டம் என்பது ஒரு தனி இராச்சியம். வீடு, தண்ணீர்ப் பீலி, மருந்து, பிள்ளைக் காம்பரா, வாசல் கூட்டும் ஆள் வரை அனைத்தும் துரையின் பொறுப்பு. இவை கருணையினால் கிடைத்தவை அல்ல. 1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தொடக்கம் அரசாங்கம் அடுத்தடுத்துச் சட்டங்கள் இயற்றி நெருக்கிய பின்னரே பல வசதிகள் வந்தன. 1916இல் ராக்கபெல்லர் நிறுவனத்தார் மாத்தளைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்புப் பணியைத் தொடங்கியபோதுதான், லயங்களுக்கு மலசலகூடம் கட்ட வேண்டும் என்பது பேசுபொருளாயிற்று. தோட்டத்தின் சுகாதாரம் தோட்டத்துக்குள்ளேயே பார்த்துக்கொள்ளப்பட வேண்டியது என்ற எண்ணம் இவ்வாறுதான் வேரூன்றியது.

இந்த எண்ணம் அரசியலுக்குள் நுழைந்தது 1937இல். அப்போது உள்ளூராட்சி அமைச்சராக இருந்தவர் எஸ்.டபிள்யு.ஆர்.டி. பண்டாரநாயக்க. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்து, சட்டசபைத் தேர்தலில் தோட்டத் தொழிலாளரில் ஒரு பகுதியினர் வாக்களிக்கத் தொடங்கியிருந்தனர். ஆனால் கிராமச் சபைக் கட்டளைச் சட்டம் திருத்தப்பட்டபோது, தோட்டங்களில் வதியும் இந்தியத் தொழிலாளருக்குக் கிராமச் சபை வாக்குரிமை மறுக்கப்பட்டது. தோட்டங்கள் கிராமச் சபைக்கு வரி செலுத்துவதில்லை, தமக்கு வேண்டியதைத் தாமே செய்துகொள்கின்றன, ஆகவே அங்குள்ளவருக்குக் கிராமச் சபையில் என்ன வேலை என்பது அன்றைய வாதம். வரியைச் செலுத்த வேண்டியவன் தோட்டச் சொந்தக்காரன். வாக்கை இழந்தவனோ தொழிலாளி. 1939 ஜூலையில் நேரு இலங்கைக்கு வந்தபோது இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றியதற்கு இத்தகைய புறக்கணிப்புகளும் பின்னணியாக இருந்தன.

1947 பொதுத் தேர்தலில் அக்காங்கிரஸ் பெற்ற 7 ஆசனங்களில் பதுளையும் ஒன்று. அந்த வெற்றி நீடிக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டமும் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராகவும் வாக்கற்றவராகவும் ஆக்கின. 1964இன் சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கை 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரின் நிலை 1974 வரை தொங்கிக்கொண்டிருந்தது. வாக்கே இல்லாதவரின் வாசலுக்குக் குப்பை வண்டி அனுப்ப எந்தச் சபை முன்வரும்? 1970களில் தோட்டங்கள் அரசுடைமையான போதும் இந்நிலை மாறவில்லை. துரையின் இடத்தில் கூட்டுத்தாபனம் வந்தது, அவ்வளவே.

1981இல் பழைய கிராமச் சபைகள் இல்லாமற்போயின. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பிரதேச சபைகள் உருவாயின. இவற்றின் எல்லைகள் தோட்டங்களையும் உள்ளடக்கின. பிரசாவுரிமைச் சிக்கலும் 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களால் படிப்படியாகத் தீர்ந்தது. தோட்ட மக்கள் வாக்காளராயினர். அவர்களுள்ளிருந்து உறுப்பினர்களும் தெரிவாயினர். ஆனால் அதே சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டப் பகுதிக்குச் சபையின் வசதிகளை வழங்குவதைக் கொடுப்பனவு பற்றிய இணக்கத்தோடு பிணைத்து வைத்திருந்தது. நடைமுறையில் இதன் பொருள், சபை நிதியைத் தோட்டத்துக்குள் செலவிட முடியாது என்பதே. தோட்டத்து வாக்கினால் தெரிவான உறுப்பினர், தன் சொந்த லயத்துப் பாதைக்குச் சபைப் பணத்தில் ஒரு கூடை கல் கொட்ட முடியாத நிலை மூன்று தசாப்தங்கள் நீடித்தது. 1937இல் “வரியில்லை, ஆகவே வாக்கில்லை” என்றார்கள். 1987க்குப் பின்னர் வாக்குக் கிடைத்தது, சேவை கிடைக்கவில்லை.

2018இல் நாடாளுமன்றம் இப்பிரிவைத் திருத்தி, சபைகள் தோட்டங்களில் பணியாற்ற வழி திறந்தது. மலையகப் பிரதிநிதிகள் நெடுங்காலம் கோரிப் பெற்ற வெற்றி அது என்பதில் மறுப்பில்லை. அதே ஆண்டுத் தேர்தலுக்கு முன்னர் நுவரெலியா மாவட்டத்தில் இரண்டு பெரிய சபைகள் பிரிக்கப்பட்டு மஸ்கெலியா, நோர்வூட், கொட்டகலை, அக்கரப்பத்தனை ஆகிய புதிய சபைகள் தோன்றின. பதுளை மாவட்டத்துக்கு அவ்வாய்ப்புக் கிட்டவில்லை. 2012 கணக்கெடுப்பின்படி இம்மாவட்டத்தில் இந்தியத் தமிழராகப் பதிவானோர் ஏறத்தாழ 18 விழுக்காட்டினர். வெலிமடை, ஊவா பரணகம போன்ற சபைகளில் அவர்கள் சிறுபான்மையினரே. ஆகவே சட்டம் திறந்த வழியில் வண்டி ஓடுவது, பெரும்பான்மை உறுப்பினரின் விருப்பத்தைப் பொறுத்ததாகிறது.

பணத்தின் கதையையும் பார்க்க வேண்டும். ஒரு பிரதேச சபையின் சொந்த வருமானம் ஆதன வரி, ஏக்கர் வரி, கடை வாடகை, சந்தைக் குத்தகை, அனுமதிப்பத்திரக் கட்டணம் போன்றவற்றிலிருந்து வருகிறது. முத்திரைத் தீர்வையும் நீதிமன்ற அபராதமும் மாகாணத்தின் ஊடாக வந்து சேர்கின்றன. ஆதன வரி கட்டடம் நெருங்கிய பகுதிகளில் சொத்தின் பெறுமதி மீது விதிக்கப்படுவது. லயத்துக் காம்பரா அதில் குடியிருப்பவரின் சொத்தன்று. ஆகவே அவர் அவ்வரியைச் செலுத்துவதில்லை. தோட்ட நிலத்துக்குரிய ஏக்கர் வரியோ பரப்பளவைப் பார்க்கிறதேயன்றி, அந்நிலத்தில் எத்தனை குடும்பம் வாழ்கிறது என்பதைப் பார்ப்பதில்லை. இதைக் காட்டித்தான் “தோட்டத்தார் வரி செலுத்துவதில்லை” என்று சபைகளில் இன்றும் சொல்லப்படுகிறது. சம்பள நாளில் வெலிமடைக் கடைகளிலும் சந்தையிலும் செலவாகும் தோட்டத்துப் பணம், கடை வாடகையாகவும் சந்தைக் குத்தகையாகவும் அதே சபையின் பெட்டிக்குள்தான் போய்ச் சேர்கிறது என்பதை அவ்வாறு சொல்பவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

மறுபுறம், 1992இல் தோட்டங்களின் நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் சென்ற பிறகு, அங்கு வேலை செய்யாத குடும்பங்கள் பெருகிவிட்டன. பிள்ளைகள் கொழும்பிலும் வெளிநாட்டிலும் உழைக்கிறார்கள்; பெற்றோர் அதே லயத்தில் இருக்கிறார்கள். எங்களிடம் வேலை செய்யாதவரின் வாசலை நாங்கள் ஏன் கூட்ட வேண்டும் என்று கம்பனி கேட்கிறது. வணிகக் கணக்கில் அது நியாயமான கேள்வியாகவும் இருக்கலாம். ஆனால் நிலத்தையும் பாதையையும் தன் கையில் வைத்துக்கொண்டு பொறுப்பை மட்டும் கைவிட முடியாது.

குப்பையின் தன்மையும் மாறிவிட்டது. அன்று லயத்தில் சேர்ந்தது அடுப்புச் சாம்பலும் காய்கறித் தோலுமே. அவை தோட்டத்து மரக்கறிப் பாத்திக்கு உரமாயின. இன்று பொலித்தீனும் பிளாஸ்டிக் போத்தலும் குழந்தை அணையாடையும் கானில் விழுந்து, மழையோடு ஓடைக்குப் போகின்றன. ஓடைகள் உமா ஓயாவைச் சேர்கின்றன. வெலிமடைக்கு அருகே புஹுல்பொலவிலும் அப்பால் டயரபாவிலும் அணை கட்டி, இப்படுகையின் நீரைச் சுரங்கம் வழியாகத் தென்கிழக்கு வறண்ட நிலத்துக்குத் திருப்பும் திட்டம் 2024 ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்டது. பெரும் பணம் செலவிட்டு நீரைத் திருப்பிய நாடு, அந்நீருக்கு மேலே வாழ்பவரின் குப்பைக்கு ஒரு வண்டி அனுப்பத் தயங்குவது விந்தை. 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து 32 உயிர்கள் பலியானபோது நாடு அதிர்ந்தது. மலைச்சரிவில் சிறிது சிறிதாகச் சேரும் குப்பைக்கு அத்தகைய தலைப்புச் செய்தி கிடைப்பதில்லை.

வழி இல்லாமலில்லை. தோட்டப் பிரதான பாதைகளைச் சபை முறைப்படி பொறுப்பேற்கலாம். வாரம் ஒரு நாள், உக்கும் குப்பையைத் தோட்டத்திலேயே உரமாக்கிவிட்டு, உக்காததை மட்டும் வண்டி ஏற்றிச் செல்லலாம். செலவைச் சபையும் கம்பனியும் எழுத்து மூலமான உடன்பாட்டில் பகிர்ந்துகொள்ளலாம். தனி வீடும் காணி உறுதியும் பெறும் குடும்பங்கள், ஏனைய குடிமக்களைப் போலவே நியாயமான வரியைச் செலுத்தலாம். வரி செலுத்துபவர் கணக்குக் கேட்பார். காணி உறுதிக்கான கோரிக்கைக்கு இப்படியும் ஒரு பொருள் உண்டு.

2025 மே 6ஆம் திகதி நடந்த தேர்தலில் தெரிவான சபைகள் இப்போது பதவியில் இருக்கின்றன. ஆண்டுதோறும் அவை வரவுசெலவுத் திட்டம் நிறைவேற்றுகின்றன. தோட்டத் தொகுதிகளின் வாக்கைப் பெற்ற உறுப்பினர்கள், கட்சி எதுவாயினும், அத்திட்டத்தில் தோட்டக் கழிவகற்றலுக்கென ஒரு தனித் தலைப்பும் அதற்கெதிரே ஒரு தொகையும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால், 33ஆம் பிரிவு திருத்தப்பட்டுவிட்டது என்பதைச் சபையில் எழுந்து நினைவூட்ட வேண்டியவர்கள் அவர்களே.