அட்டை கிழிந்த டெக்ஸ்

வருஷக்கணக்கில் ஓடும் அடிதடிப் படக்கதையை எடைபோட என்னிடம் இருப்பது ஒரே சோதனை. அட்டை கிழிந்து, முன்கதை தெரியாமல், நடுவிலிருந்து ஒரு புத்தகம் கையில் சிக்கினால் அது தன் காலில் நிற்கிறதா? கே.ஜி.கண்டிகையில் வளர்ந்தவனுக்கு வேறு சோதனை வாய்க்க வழியில்லை. சோளிங்கர் ரோட்டில் பஸ் பிடித்துத் திருத்தணி போக வேண்டும். அங்கேயும் இந்த மாதம் கண்ணில் பட்ட புத்தகம் அடுத்த மாதம் படாது. மற்றதெல்லாம் பழைய பேப்பர் கடையில், எடைக்குப் போட்ட கட்டுக்குள்ளிருந்து நான் உருவியவை. வரிசை நம்பர் பார்த்துப் படித்தவர்கள் பட்டணத்துப் பிள்ளைகள்.

எங்கள் பக்கம் 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தோடு இருந்தது. ம.பொ.சி.யின் போராட்டமும் படாஸ்கர் தீர்ப்பும் திருத்தணியை இந்தப் பக்கம் கொண்டுவந்தன. பாட்டிகள் மட்டும் தெலுங்கை விடவில்லை. 1947 ஜூலையில் நாகிரெட்டியும் சக்ரபாணியும் தெலுங்கில் சந்தமாமாவும் தமிழில் அம்புலிமாமாவும் தொடங்கியது இந்த மாதிரி வீடுகளுக்காகவே என்று எனக்குத் தோன்றும். பாட்டி அதைப் படிப்பாள், நாங்கள் இதைப் படிப்போம், வேதாளம் ஒன்றுதான். பெரியவர்கள் அனுமதித்த படக்கதை அதோடு சரி. துப்பாக்கி வைத்த புத்தகங்கள் கணக்கு நோட்டுக்குள்தான் இருந்தன.

துப்பாக்கிகளை முதலில் பெரிய அளவில் இறக்கியது சிவகாசி. சௌந்திரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸ், 1972 ஜனவரியில் ‘இரும்புக்கை மாயாவி’யோடு வந்தது. ஆய்வுக்கூட விபத்தில் வலது கையை இழந்தவன், இரும்புக்கை மாட்டிக்கொண்டவன்; மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து கை மட்டும் தெரியும். 1962இல் பிரிட்டனின் வேலியன்ட் வார இதழில் பிறந்த கதை அது. வரைந்தவர் ஸ்பெயின்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோ. அங்கே வாரத்துக்கு இரண்டு மூன்று பக்கம்தான் என்பதால், ஒவ்வொரு தவணையும் ஏதாவது ஆபத்தில் முடிந்தாக வேண்டும். இங்கே அவற்றை ஒட்டி ஒரே புத்தகமாக்கியபோது மூன்று பக்கத்துக்கு ஒரு கண்டம் வந்து நின்றது. சின்ன வயதில் அது மூச்சுவிடாத வேகம். இப்போது படித்தால் ஒட்டுப்போட்ட தடம் தெரிகிறது. ஆனாலும் எந்தப் பக்கத்தில் நுழைந்தாலும் கதை பிடித்துக்கொள்ளும். என் சோதனையில் மாயாவிக்குப் பாதி மார்க்.

1984 ஜூலையில் லயன் காமிக்ஸ் வந்தது. சௌந்திரபாண்டியனின் மகன் விஜயன் ஆசிரியர். அவருக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. முதல் இதழ் ‘கத்தி முனையில் மாடஸ்டி’. தினத்தந்திக் குழுமத்தின் ராணி காமிக்ஸும் அதே வருஷம்தான். ராணியில் முகமூடி வீரர் ஃபேன்டமுக்கு மாயாவி என்று பெயர் வைத்துவிட்டார்கள். முத்துவிலோ அவரே வேதாளர். பெட்டிக்கடையில் போய் “மாயாவி இருக்கா?” என்றால் கடைக்காரர் “எந்த மாயாவி?” என்று திருப்பிக் கேட்பார். எங்களுக்குத் தெரியாமல் அந்த வருஷம் நவம்பரில் ஜப்பானில் அகிரா டோரியாமாவின் டிராகன் பால் தொடங்கியிருந்தது.

டெக்ஸ் வில்லர் லயனுக்கு வந்தது 1985இல், ‘தலை வாங்கிக் குரங்கு’ கதையில். இத்தாலியில் அவருக்கு வயது அப்போதே 37. 1948 செப்டம்பர் 30இல் கதாசிரியர் ஜியான் லூயிஜி பொனெல்லியும் ஓவியர் ஔரேலியோ கலெப்பினியும் தொடங்கிய தொடர் அது. முதலில் பக்கத்துக்கு ஒரே பட வரிசை கொண்ட நீளக் குட்டிப் புத்தகம். பிறகு 110 பக்கம் கொண்ட கறுப்பு வெள்ளை மாத இதழ். இன்றுவரை நிற்கவில்லை. இத்தாலியில் ஒரு கதை இரண்டு மூன்று இதழ்களில் நீளும். ஓர் இதழின் நடுவில் பழைய கதை முடிந்து புதியது தொடங்குவதும் உண்டு. சிவகாசியில் அதைப் பெரும்பாலும் முழுக்கதையாகச் சேர்த்து ஒரே புத்தகமாகப் போட்டார்கள். டெக்ஸ் தமிழில் நிலைத்ததற்குப் பாதிக் காரணம் அந்த முடிவு என்பேன். அடுத்த இதழ் வருமா என்று தெரியாத ஊரில் ‘தொடரும்’ போடுவது வாசகனை ஏமாற்றும் வேலை.

மீதிக் காரணம் டெக்ஸ்தான். ஹாலிவுட் சினிமாவில் செவ்விந்தியன் குதிரையிலிருந்து சுடப்பட்டு விழுவதற்கென்றே பிறந்தவன். அந்தக் காலத்திலேயே நவஹோ மக்களின் தலைவனாக ஒரு வெள்ளைக்காரனை நிறுத்தியது சின்னக் காரியமில்லை. அந்த மக்கள் வைத்த பெயர் இரவுக் கழுகு. மனைவி லிலித் நவஹோப் பெண். அம்மை தொற்றிய போர்வைகளை விற்ற வியாபாரிகளால் செத்துப்போனவள். அதற்கு டெக்ஸ் கணக்குத் தீர்க்கும் கதையில் மட்டும் மனுஷன் உடைவதைப் பார்க்கலாம். மற்றபடி உடையமாட்டார், தோற்கமாட்டார், தப்பாகச் சுடவும் மாட்டார். அலுப்பைப் போக்க வெள்ளிமுடியார் கிட் கார்சன் இருக்கிறார். எந்த ஊரில் நுழைந்தாலும் மூன்று விரற்கடை கனத்தில் இறைச்சித் துண்டும் ஒரு குன்று உருளைக்கிழங்கு வறுவலும் கேட்டுப் புலம்பும் அந்தக் கிழவருக்காகவே நான் சில கதைகளைத் திரும்பப் படித்திருக்கிறேன்.

குறை இல்லாமலா? வில்லன் யார் என்பது பத்தாவது பக்கத்தில் தெரிந்துவிடும். பெண்கள் வந்துபோவதோடு சரி. மந்திரவாதி மெஃபிஸ்டோ வரும்போதெல்லாம் கதை தடம் புரளும் (அந்தக் கதைகளுக்கென்று உயிரை விடும் கூட்டம் இருக்கிறது, சண்டைக்கு வரட்டும்). ஆனால் நடுவில் சிக்கிய எந்த டெக்ஸும் என்னை வெளியே நிறுத்தியதில்லை. முன்கதை இரண்டு பலூனில் முடிந்துவிடும்.

அந்தச் சோதனையில் சுத்தமாகத் தோற்றது ‘இரத்தப் படலம்’. வான் ஹாமும் வில்லியம் வான்ஸும் செய்த பெல்ஜியத் தொடர். நினைவிழந்து கரை ஒதுங்கியவன், கழுத்தெலும்புக்கு மேல் ரோமன் எண் 13 பச்சை. கதையாகப் பார்த்தால் டெக்ஸ் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் ஒரு பாகம் தவறினால் அடுத்தது புரியாது. எனக்கோ தவறியவைதான் அதிகம். 18 பாகங்களும் ஒரே கறுப்பு வெள்ளைப் புத்தகமாக 2010இல் வந்தபோதுதான் அவன் யார் என்று எனக்குத் தெரிந்தது. என் தலைமுறை எண்பதுகளில் கேட்ட கேள்விக்கு நரை விழுந்த பிறகு பதில்.

நான் பைண்டிங் வேலை செய்கிறவன். ரெக்கார்டு நோட்டு, கோயில் கணக்கு, பத்திரக் கட்டு எல்லாம் வரும். வருஷத்துக்கு ஒருமுறை யாராவது பழைய முத்து, லயன் கட்டைக் கொண்டுவருவார்கள். மட்டக் காகிதம், துருப்பிடித்த பின், தொட்டால் உதிரும் ஓரம். பின்னைப் பிடுங்கிவிட்டு நூலில் தைத்து, மயில்துத்தம் கலந்த மைதா பசை போட்டு, காலிகோ ஒட்டித் தருவேன். எந்த வரிசையில் தைப்பது என்று கேட்டால் டெக்ஸ்காரர்கள் “எப்படி வேணா தைங்க” என்பார்கள். இரத்தப் படலம் கொண்டுவந்தவர் வேலை முடியும்வரை பக்கத்தில் நின்று நம்பர் பார்த்தார்.

ராணி 2005இல் நின்றது. லயனும் முத்துவும் இரண்டாயிரங்களில் எப்போதாவது முகம் காட்டின. 2012 ஜனவரியில் கம்பேக் ஸ்பெஷல் என்று 100 ரூபாய்க்குப் புத்தகம் வந்தது. பிறகு வழவழத் தாள், வண்ணம், சந்தா, கூரியர். இப்போது சிவகாசியிலிருந்து பார்சல் நேராக வீட்டுக்கே வருகிறது, ஒன்றும் தவறுவதில்லை. பெட்டிக்கடையில் தொங்கும் புத்தகத்தைப் பார்த்துப் புது வாசகனாகும் பையன் மட்டும் இல்லாமல் போனான். கூரியர் முறை தொடரைக் காப்பாற்றியது உண்மை. வாசகர் கூட்டத்துக்கு அதனால் என் வயதாகிவிட்டது.

என் அக்கா மகன் புத்தூரில் இருக்கிறான். போனில் ஒன் பீஸ் படிக்கிறவன். 1997 ஜூலையில் எய்ச்சிரோ ஓடா தொடங்கியது, ஆயிரம் அத்தியாயம் தாண்டியும் முடியவில்லை. நடுவில் ஓர் அத்தியாயத்தைத் திறந்து காட்டச் சொன்னேன். யார் யாரை எதற்கு அடிக்கிறார்கள் என்று ஒன்றும் விளங்கவில்லை. என் சோதனையைச் சொன்னதும் சிரித்தான்.

“மாமா, எனக்கு முதல் அத்தியாயத்திலிருந்து எல்லாமே கைல இருக்கு. நான் ஏன் நடுவுல இருந்து படிக்கணும்? டிராகன் பால்ல கோகு கல்யாணம் பண்ணி, பிள்ளை பெத்து, தாத்தாவே ஆயிட்டாரு. உங்க டெக்ஸுக்கு எழுபது வருஷத்துல ஒரு முடி நரைச்சுதா?”

“அதான் பக்கத்துல கார்சன் நரைச்சுக்கிட்டு இருக்காரே” என்றேன். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. ‘பழிவாங்கும் புயல்’ ஒன்றைக் கொடுத்தனுப்பியிருக்கிறேன், அட்டை இல்லாதது.