சுருட்டு: இலை ஒரு கரை, சொல் ஒரு கரை

எங்கள் தெருவில் பாதி வீடுகளில் தெலுங்கு பேசுவார்கள். கோவில்பட்டியைச் சுற்றிய கரிசல் ஊர்களில் இது எல்லாருக்கும் பழகிய சங்கதி. சாயங்காலம் தாத்தா திண்ணையில் வந்து உட்கார்ந்ததும் எதிர்வீட்டு நாயக்கர் தாத்தா வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு வருவார். "ஒரு சுட்ட இருக்கா மாமா?" என்று கேட்பார். தாத்தா மடியில் இருந்து ஒரு சுருட்டை எடுத்து நீட்டுவார்.

நெருப்பில் சுடுவதால்தான் அதற்குச் 'சுட்ட' என்று பெயர் என ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். கல்லூரிக்குப் போன பிறகுதான் விவரம் தெரிந்தது. தெலுங்கில் 'சுட்டு' என்றால் சுற்று. நம்முடைய 'சுற்று' என்ற வினைக்கு உடன்பிறப்பு அது. சுற்றிச் செய்ததால் அவர்களுக்குச் சுட்ட. சுருட்டிச் செய்ததால் நமக்குச் சுருட்டு. ஒரே திண்ணையில் இரண்டு மொழிக்காரர்களும் அந்தப் பண்டத்துக்குப் பெயர் வைக்கும்போது நெருப்பையும் பார்க்கவில்லை, புகையையும் பார்க்கவில்லை. கை செய்த வேலையைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

சுருள், சுருட்டு, சுருக்கு, சுருங்கு என்று எல்லாம் ஒரு வேரின் கிளைகள். தானாக மடங்கினால் சுருளும். நாம் மடக்கினால் சுருட்டுவோம். விடிந்ததும் பாயைச் சுருட்டுகிறோம். அடிபட்ட நாய் வாலைச் சுருட்டுகிறது. பொதுப்பணத்தில் கை வைத்தவனைச் 'சுருட்டிவிட்டான்' என்கிறோம். கரிசல் காட்டில் கல்லைப் புரட்டும்போது எல்லாரும் பயப்படும் பாம்புக்குச் சுருட்டை விரியன் என்று பெயர். இத்தனை சொற்களுக்கு நடுவே அமெரிக்கக் கண்டத்து இலை ஒன்று கப்பலில் வந்து இறங்கியதும், அதற்கென்று புதுச்சொல் தேடி யாரும் அலையவில்லை. வினை தயாராக இருந்தது. கையும் தயாராகத்தான் இருந்தது.

கை தயாராக இருந்ததற்குக் காரணம் வெற்றிலை. வெற்றிலையைக் காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்துச் சுருட்டி நீட்டுவது இந்த நாட்டில் மரியாதையின் அடையாளம். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளைக்குப் பணமும் வெற்றிலையும் சேர்த்துக் கொடுப்பதற்கே 'சுருள்' என்று பெயர். பீடி என்ற சொல்லின் பூர்வீகமும் இதேதான். வெற்றிலைச் சுருளைக் குறிக்கும் 'வீடிகா' என்ற சமஸ்கிருதச் சொல்தான் இந்தியில் பீடாவாகவும் பீடியாகவும் ஆயிற்று. திருநெல்வேலிச் சீமையில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்களின் விரல் வேகத்தைப் பார்த்தவர்களுக்கு, வெற்றிலைக்கும் இதற்கும் உள்ள உறவை விளக்க வேண்டியதில்லை.

இலைக்கு வைத்த பெயரையும் கவனிக்க வேண்டும். வடக்கே போர்த்துகீசியர் சொன்ன 'தபாக்கு' சற்றே திரிந்து 'தம்பாக்கு' என்று நிலைத்துவிட்டது. தெற்கே நாலு மொழியும் அதை ஏற்கவில்லை. தமிழில் புகையிலை, மலையாளத்தில் புகயில, தெலுங்கில் பொகாக்கு, கன்னடத்தில் ஹொகெசொப்பு. எல்லாமே புகையும் இலையும் சேர்ந்த சொந்தச் சொற்கள். வந்த பண்டத்தின் கூடவே வந்த பெயரைத் தள்ளிவிட்டு, அதன் குணத்தைப் பார்த்து நாமே பெயர் வைத்த அழகு இது. இன்று வருகிற கருவிகளின் பெயரை அப்படியே வாயில் போட்டுக்கொள்ளும் நமக்கு அந்தத் துணிச்சல் எப்போது போனது என்று எனக்கு ஏக்கமாக இருக்கிறது.

பேச்சில் அது 'போயிலை'. சீனிச் சர்க்கரைப் புலவர் பாடிய 'புகையிலை விடு தூது' இலையின் பெயரை வைத்து ஒரு கதையே கட்டுகிறது. மும்மூர்த்திகளிடம் ஆளுக்கொரு இலை கொடுத்து வைக்கிறார்கள். சிவனிடம் வில்வம், திருமாலிடம் துளசி, பிரமனிடம் புகையிலை. திரும்பக் கேட்கிறபோது மற்ற இரண்டும் போய்விட்டன. பிரமனுடையது மட்டும் போகவில்லை. போகாத இலை போகையிலை, அதுவே புகையிலை. பிரமபத்திரம் என்ற பெயரும் அப்படி வந்ததுதான். சொல்லாராய்ச்சி என்று பார்த்தால் இந்தக் கதை நிற்காது. ஆனால் வந்தேறி இலையைப் பிரமன் கையில் கொடுத்து ஊர்க்காரனாக்கிக்கொண்ட மனசு அதில் தெரிகிறது. உ.வே.சாமிநாதையர் அந்த நூலைப் பதிப்பித்திராவிட்டால் அந்த மனசையும் இழந்திருப்போம்.

அந்த இலை புறப்பட்ட கரைக்கு வருவோம். 1492 நவம்பரில் கொலம்பஸ் அனுப்பிய இரண்டு ஆட்கள் கியூபாத் தீவின் உள்பகுதிக்குப் போனார்கள். அங்கே ஆணும் பெண்ணும் காய்ந்த இலைச் சுருள் ஒன்றைக் கொளுத்திப் புகையை உள்ளிழுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சுருளைத்தான் மக்கள் 'தபாக்கோ' என்று சொன்னார்கள் என லாஸ் காசாஸ் பாதிரியார் எழுதி வைத்திருக்கிறார். அவர் சொன்னபடி பார்த்தால், உலகின் பெரும்பகுதியில் இன்று இலைக்கு வழங்கும் பெயர் முதலில் சுருட்டின் பெயர். கியூபாக்காரர்கள் இன்றும் சுருட்டைத் 'தபாக்கோ' என்றே சொல்கிறார்கள். அதைச் செய்கிற தொழிலாளிக்கு அங்கே 'தோர்செதோர்' என்று பெயர். முறுக்குகிறவர் என்று பொருள். கை செய்யும் வேலையை வைத்துப் பெயர் சொல்லும் பழக்கம் அந்தக் கரையிலும் இருக்கிறது.

போர்த்துகீசியர் இலையை நம் கரையில் இறக்கினார்கள். திரும்பிப் போகும்போது நம் சொல்லை ஏற்றிக்கொண்டார்கள். 1669 முதல் 1679 வரை வங்கக் கடலோரத்தில் வணிகம் செய்த தாமஸ் பவுரி என்ற ஆங்கிலேய மாலுமி ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். இங்குள்ள எளிய மக்கள் இலையைச் சுருட்டி, ஒரு முனையில் நெருப்பு வைத்து, மறுமுனையை உதட்டில் பிடித்துப் புகைக்கிறார்கள். போர்த்துகீசியர் அதைச் 'செரூட்டா' என்கிறார்கள் என்பது அதன் சாரம். ஆங்கிலத்தின் 'செரூட்' தமிழ்ச் சுருட்டுதான் என்று 1886-இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி சொல்கிறது. மலாய் மொழியில் அது 'செருத்து'. சிங்களத்தில் அப்படியே 'சுருட்டு'. யாழ்ப்பாணத்துக்காரர்கள் தெற்கே சிங்கள ஊர்களில் போய்ச் சுருட்டுக் கடை போட்டபோது சரக்கும் சொல்லும் ஒரே மூட்டையில் போயிருக்கின்றன.

எல்லாவற்றையும்விட என்னை நிறுத்தி வைத்தது போர்த்துகீசிய மொழியின் 'ஷருத்து'. லிஸ்பனிலும் பிரேசிலிலும் எந்தச் சுருட்டுக்கும் அதுதான் பெயர். ஹவானாவில் இருந்து வருகிற விலை உயர்ந்த சுருட்டைக் கேட்டு வாங்குகிற பிரேசில்காரரும் 'ஷருத்து குபானு' என்றுதான் கேட்பார். இலையின் தாய்மண் பெயருக்குப் பக்கத்தில் நம் வினைச்சொல் நிற்கிறது.

சரி, கியூபாச் சுருட்டுதான் உலகத்தில் உசத்தியா? இந்தக் கேள்விக்கு ஊர்ப்பற்றை வைத்துப் பதில் சொல்ல நான் விரும்பவில்லை. இலையை மட்டும் வைத்துப் பேசினால் ஆம் என்றே சொல்ல வேண்டும். குறைந்தது நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது. தீவின் மேற்கு முனையில் பினார் தெல் ரியோ மாகாணத்து வுவெல்தா அபாஹோ பகுதியின் செம்மண், ஈரக்காற்று, மேலே சுற்றும் இலைக்காக வயலுக்கே துணிப்பந்தல் போட்டு வெயிலைத் தணித்து வளர்க்கிற பக்குவம், பிறகு இலையை அம்பாரமாக அடுக்கிப் புழுங்க வைத்து மாதக்கணக்கில் காத்திருக்கும் பொறுமை, இவ்வளவும் சேர்ந்தது அது. 1960-இல் தொழிற்சாலைகள் அரசுடைமையானபோது பல குடும்பங்கள் டொமினிக்கன் குடியரசுக்கும் நிகராகுவாவுக்கும் ஹோண்டுராசுக்கும் போய்த் தொழிலைத் தொடர்ந்தன. கியூபாவின் விதையும் அந்த மண்ணில் முளைத்தது. 1962-இல் அமெரிக்கா வணிகத் தடை போட்டது. கிடைக்காத பொருளுக்கு மணம் கூடிவிடும் இல்லையா? இன்றைய கியூபாப் பெருமையில் ஒரு பங்கு அந்தத் தடை கொடுத்தது என்றே நினைக்கிறேன்.

நம்முடைய இலை வேறு நிலத்தில் வளர்ந்தது. திண்டுக்கல், வேடசந்தூர்ப் பக்கம் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும். வாயில் அதக்கும் புகையிலைக்கு அந்த உப்பு காரத்தையும் கனத்தையும் கொடுக்கும். சுருட்டுக்கு அதுவே எதிரி. மண்ணிலும் நீரிலும் குளோரைடு ஏறினால் இலை நின்று எரியாது. அணைந்து அணைந்து போகும். ஒரே தாலுகாவில் எந்தக் கிணற்றுத் தண்ணீர் எதற்கு ஆகும் என்று சம்சாரிகள் நாக்கில் வைத்துப் பார்த்தே கணக்குச் சொன்னார்கள். 1948-இல் வேடசந்தூரில் சுருட்டுப் புகையிலைக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் வந்தது.

திண்டுக்கல் இலையும் திருச்சி உறையூர்க் கைகளும் சேர்ந்துதான் 'திரிச்சினாப்பள்ளி செரூட்' உலகப் பெயர் வாங்கியது. 1887-இல் வெளிவந்த கானன் டாயிலின் முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், தரையில் கிடந்த சாம்பல் கறுத்துச் செதில் செதிலாக இருப்பதைப் பார்த்தே அது திருச்சிச் சுருட்டு என்று துப்பறிவாளர் கண்டுபிடிக்கிறார். அந்தக் காலத்தில் லண்டன் கடை ஒன்று நம் சரக்கை 'ஃப்ளோர் டி திண்டுக்கல்' என்ற பெயரில் விற்றது. 'திண்டுக்கல்லின் மலர்' என்று ஸ்பானிய மொழியில் பெயர். சொந்தமாக ஒரு சொல்லை உலகத்துக்குக் கொடுத்த சரக்கு, விலை போவதற்காக ஹவானாவின் மொழியை உடுத்திக்கொள்ள வேண்டியிருந்திருக்கிறது. எனக்கு இது உறுத்துகிறது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதற்கு இந்த உறுத்தலும் ஒரு காரணம்.

கரிசலில் பருத்தியும் கம்பும் உளுந்தும்தான் பேசும். சுருட்டு எங்களுக்குக் கடைச்சரக்கு. கட்டுக் கட்டாக வெளியூரில் இருந்து வரும். எங்கள் ஊர் அதற்குக் கொடுத்தது நெருப்பு. மழை குறைந்த, காற்றில் ஈரமில்லாத ஊர் என்பதால்தான் சிவகாசியைப் போலக் கோவில்பட்டியிலும் தீப்பெட்டித் தொழில் வேர்விட்டது. கேரளத்து மட்டிமரம் இங்கே வந்து குச்சியாகி, கட்டையில் அடுக்கப்பட்டு, மருந்தில் தோய்ந்து வெளியே போயிற்று. மழை பொய்த்த வருஷங்களில் எத்தனையோ வீட்டு அடுப்பு எரிந்தது அந்தக் கட்டை அடுக்கிய கூலியில்தான்.

சாமிக்கும் சுருட்டு உண்டு. கொடைக்குச் சுடலைமாடனுக்கும் கருப்பசாமிக்கும் படையல் போடும்போது வாழையிலையில் ஒரு கட்டுச் சுருட்டும் இருக்கும். அருள் வந்த சாமியாடி அதில் ஒன்றை வாங்கிப் பற்றவைத்து, ஒரே இழுப்பில் கால் பங்கை எரித்துவிட்டுக் குறி சொல்லத் தொடங்குவார். பிரமன் கையில் கொடுத்தது புலவரின் வேலை. மாடன் கையில் கொடுத்தது ஜனங்கள்.

இதையெல்லாம் பெருமையாகச் சொல்லும்போது நாயக்கர் தாத்தாவின் கன்னத்தை மறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. முதலில் உள்கன்னத்தில் ஒரு வெள்ளைத் தழும்பு. பிறகு ஆறாத புண். மதுரைக்குக் கொண்டுபோனபோது காலம் கடந்திருந்தது. கடைசி மாதங்களில் கஞ்சியைக்கூட ஓரமாகத்தான் ஊற்ற முடிந்தது. புகையிலை எந்த நாட்டு மண்ணில் விளைந்தாலும் இந்தக் குணத்தில் மாற்றமில்லை. அவர் போன பிறகு தாத்தா சுருட்டைத் தொட்டது ஒரே ஒரு தடவைதான்.

கப்பலில் வேலை பார்த்த என் மச்சான் ஊருக்கு வந்தபோது கண்ணாடிக் குழாயில் அடைத்த ஹவானாச் சுருட்டு ஒன்றைக் கொண்டுவந்தான். "தாத்தா, இதுதான் உலகத்திலேயே பெரிய சுருட்டு, இழுத்துப் பாருங்க" என்றான். வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னார். பிறகு வாங்கி மூக்கருகே வைத்து ரொம்ப நேரம் மோந்து பார்த்தார். நம் சுருட்டுக்கு இரண்டு முனையும் திறந்திருக்கும். அதற்கு வாய்ப்பக்கம் மூடியிருந்தது. பல்லால் கடித்துத் துப்பிவிட்டு, குச்சியை உரசி, மருந்து எரிந்து தீரும்வரை பொறுத்து, மரம் எரிகிற நெருப்பில் பற்றவைத்தார். நாலு இழுப்பு. "மணம் இருக்குப்பா. காரம் பத்தல" என்றார்.

அதோடு அதை அணைத்துவிட்டார். ஆனால் தூக்கிப் போடவில்லை. முழங்காலில் துண்டை விரித்து, நகத்தால் மெல்லக் கிளப்பி, சுருட்டைப் பிரிக்க ஆரம்பித்தார். மேலே சுற்றிய இலை வெற்றிலை மாதிரி வழவழப்பாக, நரம்பு தெரியாமல் வந்தது. அதற்கு உள்ளே கொஞ்சம் முரடாக ஒன்று. அதற்கும் உள்ளே மூன்று நிறத்தில், நீளவாக்கில் மடித்துச் சேர்த்த இலைகள். ஒன்றைக்கூட இறுக்கி நசுக்கவில்லை. காற்றுப் போக இடம் விட்டிருந்தது. ஒவ்வொன்றாக நீவித் துண்டில் வரிசையாகப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"யாரோ கை தெரிஞ்சவன் சுருட்டியிருக்கான்" என்றார்.

பிறகு அந்த இலைகளை வந்த வரிசையிலேயே திரும்ப வைத்து, எச்சில் தொட்டு ஓரத்தை ஒட்டி, தன் கையால் அதைச் சுருட்டினார்.