மதிலில் ஏறும் தறி: மருதமுனை நெசவை எப்படிக் கீறுவது?

2019ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் இந்நாட்டு மதில்களுக்கெல்லாம் திடீரென நிறம் வந்தது. ஜனாதிபதித் தேர்தல் முடிந்த கையோடு இளைஞர்கள் தூரிகையும் பெயின்ட் வாளியுமாக வீதிக்கு இறங்கினார்கள். மன்னர்கள், குளக்கட்டுகள், படைவீரர்கள், வனவிலங்குகள் என்று ஊருக்கு ஊர் ஏறக்குறைய ஒரே படங்கள். மதில் இருந்தது எங்கட ஊரில். மதிலில் இருந்தது எங்கட ஊரல்ல என்று சொல்லத்தக்க இடங்களும் உண்டு.

அதற்குப் பதில், நம்முடைய பாரம்பரியத்தை நாமே கீறுவோம் என்பதுதான். மருதமுனைக்கு இதில் இரண்டாவது யோசனை தேவையில்லை. கல்முனைக்கு வடக்கே, மட்டக்களப்பு வீதியோரத்தில் கிடக்கும் இந்த ஊரின் பெயரைச் சொன்னால் புலவர்மணி ஆ.மு. ஷரிபுத்தீன், மருதூர்க்கொத்தன், மருதூர்க்கனி என்று இலக்கியக்காரர் நினைப்பார்கள். மற்றவர்கள் சாரனை நினைப்பார்கள். ஆகவே தறிதான். ஆனால் எந்தத் தறி?

வழக்கமாக என்ன கீறுவார்கள் என்று நமக்குத் தெரியும். ஒருவர் தறியில் உட்கார்ந்திருப்பார், முன்னால் வண்ணத்துணி விரிந்திருக்கும், பின்னால் ஒரு தென்னை. பார்க்க அழகாயிருக்கும். வரலாறாகப் பார்த்தால் அது வேலையின் கடைசிப் பக்கம் மட்டுமே.

நூல் கழியாக வருகிறது. அதைச் சாயத்தில் தோய்க்க வேண்டும், உலர்த்த வேண்டும், இராட்டையில் சுற்ற வேண்டும், பாவோட வேண்டும், கஞ்சி போட வேண்டும். அங்குலத்துக்கு 60 இழை என்று வைத்துக்கொண்டாலும் 44 அங்குல அகலமான துணிக்கு 2,640 இழைகள். புதிய பாவு ஏற்றும்போது ஒவ்வோர் இழையையும் பழைய பாவின் நுனியோடு கையால் பிணைக்க வேண்டும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் மிதியில் கால் படுகிறது. நாடாவுக்குள் வைக்கும் தாரைச் சுற்றியது யார்? பெரும்பாலும் வீட்டிலிருந்த உம்மா, மூத்தம்மா, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள். துணிக்கு விலை பேசும்போது அந்த வேலைக்கென்று தனிக் கூலியை எண்ணுவது அரிது. மதிலிலாவது இராட்டைக்குத் தறியளவு இடம் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

அடுத்தது, துணியின் கோடும் கட்டமும். கட்டம் போட்ட சாரனை நம்மவர் 'பளையகாட்' என்பார்களே, அது பழவேற்காட்டின் பெயர். சென்னைக்கு வடக்கேயுள்ள அந்தத் துறைமுகத்தில் ஒல்லாந்தர் 1613இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியது முக்கியமாகத் துணிக்காகத்தான். சோழமண்டலக் கரையின் கட்டத்துணிகள் அங்கிருந்து தென்கிழக்காசியா வரை போயின. பெயர் ஊரைவிட்டு ஓடி வந்து நம் இடுப்பில் ஒட்டிக்கொண்டது. அதே ஒல்லாந்தர் இங்கே மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் சாயவேர் கிண்டுவதைத் தங்கள் பிடிக்குள் வைத்திருந்தார்கள். துணியின் சிவப்பு அந்த வேரிலிருந்து வந்தது. ஆகவே நெசவை ஓர் ஊரின் தனிச்சொத்தாகக் கீறினால் பாதிக் கதை விடுபடும். கயிற்றை இழுத்தால் நாடா ஓடுகிற ஏற்பாடுகூட 1733இல் இங்கிலாந்தில் ஜோன் கே உரிமம் பெற்றது. கைத்தறி என்பது கை மாறாமல் நின்ற பழம்பொருளல்ல.

கீறுவதற்குக் கஷ்டமானது இனித்தான் வருகிறது. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்தபோது உள்ளூர்த் துணிக்குச் சந்தை இருந்தது. அந்தக் காலத்தைப் பாண் வரிசையோடு மட்டும் நினைவுகூர்வோர் பலர்; நெசவாளிக்கு அது வேலையுள்ள காலம். 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. ஆலைத்துணியும் வெளிநாட்டுத் துணியும் மலிவாக வந்து குவிந்தன. கைத்தறி அதற்கு முன்னால் நிற்க முடியவில்லை. அடுத்த ஆண்டே, 1978 நவம்பர் 23இல், கிழக்கைச் சூறாவளி புரட்டியது. பிறகு யுத்தம். பாதை மூடினால் நூல் வராது, துணி போகாது. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது கரையோர வீடுகளோடு தறிகளும் போயின. தறியென்றால் மரச்சட்டம் மட்டுமல்ல. பாவு ஏற்றிய தறி ஒரு குடும்பத்தின் முதல். 2022இல் சில வாரங்களுக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டியபோது வெளிநாட்டு நூலும் சாயமும் கூடவே ஏறின. சாரன் வாங்குபவரின் சம்பளம் ஏறவில்லை.

சூறாவளியையும் விலையையும் மதிலில் எப்படிக் கீறுவது என்று கேட்பீங்க. பாவிலேயே கீறலாம். நீளமாக ஓடும் பாவு ஓரிடத்தில் அடர்த்தியாக, ஓரிடத்தில் ஐதாக, ஓரிடத்தில் அறுந்து முடிச்சுப் போட்டதாக இருக்கட்டும். முடிச்சுக்கு மேல் ஆண்டை எழுதினால் போதும். தறிக்காரனுக்கு விளக்கம் தேவைப்படாது.

உருவம் கீறலாமா என்ற கேள்வியும் நம் ஊர்களில் எழும், எழத்தான் வேண்டும். இந்த விஷயத்தில் அது தடையல்ல, உதவி என்றே நினைக்கிறேன். முகத்தைக் கீறப் போனால் யாருடைய முகம் என்ற சண்டை வரும். சிரிக்கும் முகம் கீறினால் பொய் வரும். நூல், அச்சு, தார், மிதி, கட்டம் ஆகியவற்றைக் கொண்டே ஒரு மதிலை நிரப்பலாம். கோடும் கட்டமும் நம் கலைக்குப் புதிதல்ல.

ஒன்றை மட்டும் சித்திரக்காரரிடம் விட்டுவிடக் கூடாது. ஒவ்வொரு கருவியின் கீழும் அதன் பெயர் எழுதப்பட வேண்டும். அகராதியில் இருப்பதல்ல, மருதமுனைத் தறி மேடையில் வழங்கிய பெயர். தறி நின்ற வீட்டில் அந்தச் சொற்களும் நின்றுவிடுகின்றன. பெயின்ட் வாங்குவதற்கு முன் ஒரு கொப்பியோடு மூத்த நெசவாளிகளின் வீடுகளுக்குப் போய் அவற்றைக் கேட்டு எழுத வேண்டும், இராட்டை சுற்றியவர்களிடமும்தான்.