மக்கில் கைந்நூல்: அறிவும் வர்க்கமும் பற்றிய ஒரு குறிப்பு

மாணவர் தம் சக மாணவருக்குப் பாலியல் நலம், போதைப்பழக்கம் ஆகியன பற்றி அறிவூட்டும் முறை, இன்று பல பல்கலைக்கழகங்களில் நிருவாகத்தின் நலன்புரிப் பணிகளுள் ஒன்றாகக் கருதப்படுகின்றது. ஆயின், இத்துறையின் முன்னோடி முயற்சிகளுள் ஒன்றான மக்கில் பல்கலைக்கழகக் கைந்நூல், நிருவாகத்தின் கொடையாகத் தோன்றியதன்று. அதன் வரலாற்றை அக்காலச் சமூக உறவுகளின் பின்னணியில் வைத்து நோக்குதல் அவசியமாகும்.

கனடாவின் 1892 ஆம் ஆண்டுக் குற்றவியற் சட்டக்கோவை, கருத்தடைச் சாதனங்களை விற்பதையும் விளம்பரஞ் செய்வதையும் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியது. இச்சட்டம் எல்லா வர்க்கத்தினரையும் ஒரேவிதமாகப் பாதிக்கவில்லை. வசதிபடைத்தோர் தம் மருத்துவரிடம் தனிப்பட்ட முறையிற் பெறக்கூடியதாயிருந்த அறிவு, தொழிலாளர் குடும்பப் பெண்களுக்கு எட்டாததாயிற்று. ஒன்ராறியோவில் இவ்வறிவைப் பரப்பியமைக்காக 1936 இல் கைதான டொறத்தியா பால்மர், பொதுநன்மை கருதிய செயல் என்ற வாதத்தின் பேரில் 1937 இல் விடுதலை பெற்றார். எனினும், அவரைப் பணிக்கமர்த்தியிருந்த ஏ. ஆர். கவுஃப்மன் ஓர் இறப்பர் ஆலை முதலாளி, இனமேம்பாட்டுக் கொள்கையினர். வறியோர் தொகை பெருகுமென்ற அச்சமே அவரது 'தொண்டின்' உள்ளுறையாக இருந்தது.

1968 இல், அச்சட்டம் நடைமுறையிலிருந்தபோதே, மொன்றியல் நகரின் மக்கில் பல்கலைக்கழக மாணவர் சங்கம் கருத்தடைக் கைந்நூலை வெளியிட்டது. உடலமைப்பு, கருத்தடை முறைகள், கருச்சிதைவு ஆகியன அதில் எளிய மொழியில் விளக்கப்பட்டன. மறு ஆண்டே சட்டம் திருத்தப்பட்டது. வட அமெரிக்காவெங்கும் இலட்சக்கணக்கான பிரதிகள் பரவின. பிரெஞ்சு வடிவமும் வெளிவந்தது. ஏழை நாடுகளின் வறுமைக்கு அந்நாட்டுப் பெண்களின் கருவளமே காரணம் எனக்கூறிய குடித்தொகைக் கட்டுப்பாட்டு வாதத்தைப் பிந்திய பதிப்புகள் வன்மையாகச் சாடின. கவுஃப்மன் வழங்கியதும் மாணவர் வழங்கியதும் ஏறத்தாழ ஒரே செய்திதான். ஆனால் முன்னது வறியோரை எண்ணிக்கையாகக் கண்டது. பின்னது பெண்ணைத் தன் உடல்பற்றித் தானே தீர்மானிக்கும் மனிதராகக் கண்டது.

எழுபதுகளின் நடுப்பகுதியில் புளோரிடாப் பல்கலைக்கழகத்தில் தோன்றிய 'பாக்கஸ்' என்னும் மதுவிழிப்புணர்வு மாணவர் இயக்கத்தை இதனோடு ஒப்புநோக்கலாம். சகமாணவர் வழி என்ற முறை அங்கும் பேணப்பட்டது. ஆயினும், பொறுப்புடன் குடித்தல் என்ற தனிமனித ஒழுக்கமே அங்கு முதன்மை பெற்றது. பியர் உற்பத்தி நிறுவனங்களின் நிதியும் அதற்குக் கிடைத்தது. குடிப்பவனின் பொறுப்பைப் பேசும்போது விற்பவனின் இலாபம் பேசாப்பொருளாகிவிடுகின்றது.

எனவே, மாணவரே மாணவருக்குக் கற்பிப்பதால் மட்டும் ஒரு முயற்சி முற்போக்கானதாகிவிடாது. அவ்வறிவு யாருடைய நலன்களைக் கேள்விக்குள்ளாக்குகின்றது என்பதே நாம் கொள்ளவேண்டிய அளவுகோலாகும்.