மணலியின் கொள்ளளவு: ஓர் எண்ணின் வரலாறு

வடசென்னையில் உள்ள மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் இன்றைய கொள்ளளவு ஆண்டுக்கு 105 லட்சம் டன். 1969இல் உற்பத்தி தொடங்கியபோது அது 25 லட்சம் டன். இடைப்பட்ட காலத்தை விரிவாக்கங்களின் பட்டியலாகச் சொல்லிவிடலாம். நிறுவன மலர்கள் அப்படித்தான் சொல்லும். ஆனால் கொள்ளளவு என்று எழுதப்படும் எண் ஆலையின் தலைவாசலில் நிற்கும் ஒரே அலகை, அதாவது கச்சா எண்ணெயைக் காய்ச்சிப் பிரிக்கும் வடிகோபுரத்தை மட்டுமே அளக்கிறது. அந்தக் கோபுரத்துக்குள் எந்த ஊர் எண்ணெய் வரும், அடியில் தங்கும் கசடை என்ன செய்வது, ஆலைக்குத் தண்ணீர் எங்கிருந்து கிடைக்கும் என்பதெல்லாம் அதில் தெரியாது. மணலியின் போக்கைத் தீர்மானித்தவை பெரும்பாலும் இவைதான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

1965 நவம்பரில் இந்திய அரசும், அமெரிக்காவின் அமோகோவும், ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனமும் ஒப்பந்தம் செய்துகொண்டன. டிசம்பர் 30 அன்று மெட்ராஸ் ரிஃபைனரீஸ் லிமிடெட் பதிவாயிற்று. பங்குகள் 74, 13, 13 விழுக்காடு. இந்த இரு அந்நியப் பங்காளிகளும் சென்னையில் முதன்முதலாகச் சந்தித்துக்கொண்டவர்கள் அல்லர். அமோகோவின் குழுமத்தைச் சேர்ந்த பான் அமெரிக்கன் நிறுவனமும் ஈரானும் 1958 முதலே இபாக் என்ற கூட்டு நிறுவனத்தின் வழியாகப் பாரசீக வளைகுடாவில் எண்ணெய் தேடிவந்தன. கார்க் தீவை ஒட்டிய கடலில் அவர்கள் கண்டெடுத்த டாரியஸ் வயல் 1960களின் நடுவில் உற்பத்திக்கு வந்தது. அப்போது பம்பாயிலும் விசாகப்பட்டினத்திலும் இருந்த ஆலைகள் பர்மா ஷெல், எஸ்ஸோ, கால்டெக்ஸ் கைகளில் இருந்தன. அவை தத்தம் தாய் நிறுவனங்களின் எண்ணெயையே இறக்கின. புதிதாக எண்ணெய் கண்டவர்களுக்கு அதை வாங்க நிலையான ஓர் ஆலை தேவைப்பட்டது. இந்தியாவுக்கோ அந்த மூவரின் பிடியில் இல்லாத ஆலை தேவைப்பட்டது. ஆகவே மணலியை ஒரு தொழிற்சாலையாக மட்டுமின்றி, கரையில் கட்டப்பட்ட நீண்டகால எண்ணெய் விற்பனை ஒப்பந்தமாகவும் பார்க்கலாம்.

ஆலை டாரியஸ் எண்ணெய்க்கு ஏற்றவாறு வடிவமைக்கப்பட்டது. நெல் அரவை ஆலைக்குப் பொன்னியும் ஒன்றுதான், குண்டு நெல்லும் ஒன்றுதான். எண்ணெய் ஆலைக்கு அப்படியல்ல. கந்தகம் கூடினால் குழாய் அரிக்கும். கசடு கூடினால் வெற்றிட வடிப்பு அலகு திணறும். மெழுகு கூடினால் குழாயிலேயே உறையும். மசகு எண்ணெய் எடுக்க வேண்டுமானால் அதற்குத் தகுந்த கனமான பகுதி கச்சா எண்ணெயிலேயே இருந்தாக வேண்டும். எரிபொருளோடு மசகு எண்ணெயும் எடுப்பது மணலியின் தொடக்கத் திட்டத்திலேயே இருந்தது. 43 கோடி ரூபாயில், 27 மாதங்களில், செலவும் காலமும் மீறாமல் வேலை முடிந்தது. பொதுத்துறைக் கட்டுமானங்களில் இது அபூர்வம் என்பதால் இந்தச் செய்தி நிறுவன வரலாறுகளில் திரும்பத் திரும்ப வருவதில் வியப்பில்லை.

ஒரே எண்ணெயை நம்பிய ஆலைக்கு என்ன நேரும் என்று பார்க்க இலங்கைக்குப் போகலாம். கொழும்பை அடுத்த சப்புகஸ்கந்தை ஆலையும் 1969இல்தான் தொடங்கியது. அதுவும் ஈரான் எண்ணெய்க்காகக் கட்டப்பட்டது. அதன் பின்னணியிலும் அந்நிய நிறுவனங்களோடு மூண்ட பூசல் உண்டு: 1961இல் இலங்கைப் பெட்ரோலியக் கூட்டுத்தாபனம் அமைந்தது, மேலை நிறுவனங்களின் சொத்துகள் அரசுடைமையாயின, இழப்பீட்டுத் தகராறில் 1963இல் அமெரிக்கா தன் உதவியை நிறுத்தியது. நாளொன்றுக்கு 38,000 பீப்பாயில் தொடங்கி 50,000 பீப்பாய்க்கு உயர்ந்த அந்த ஆலை அதற்கு மேல் வளரவில்லை. 2012இல் ஈரான் மீதான தடைகள் இறுகியதும் தனக்குப் பழக்கமான எண்ணெயை இழந்தது. 2021 நவம்பரில் கச்சா எண்ணெய் வாங்க டாலர் இல்லாமல் மூடப்பட்டது. அப்போதும் ஏட்டில் அதன் கொள்ளளவு 50,000 பீப்பாய்தான்.

மணலி தப்பியது ஓரளவு முன்யோசனையாலும், ஓரளவு வாய்ப்பாலும். 1979 புரட்சிக்குப் பின் டாரியஸ் வயலின் பெயரே மாறிவிட்டது. 1985இல் அமோகோ தன் பங்கை இந்திய அரசுக்கு விற்றுவிட்டு விலகியது. ஆனால் அதற்குள் பம்பாய் ஹை எண்ணெய் வந்திருந்தது. கந்தகம் குறைந்த, இலேசான அந்த எண்ணெய் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் நல்லது. மசகு எண்ணெய்க்கு உதவாது. ஆகவே வளைகுடா எண்ணெயை அறவே விடவும் முடியவில்லை. 1984இல் கொள்ளளவு 56 லட்சம் டன்னாக உயர்ந்தபோது மணலி இருவகை எண்ணெயையும் ஆளக் கற்றுக்கொண்டிருந்தது. என் மதிப்பீட்டில், டன் கணக்கைவிட இந்தப் பழக்கமே அந்த விரிவாக்கத்தின் பெரிய ஆதாயம். ஈரான் நிறுவனமோ பங்காளியாகவே நீடித்தது. 2000இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன் என்று பெயர் மாறி, மறு ஆண்டு இந்தியன் ஆயில் தாய் நிறுவனமான பின்னும் சுமார் 15 விழுக்காடு பங்கு அதனிடமே இருக்கிறது. வடசென்னையில் பலருக்கு அந்த ஆலை இன்னும் எம்.ஆர்.எல்.தான்.

அடுத்தது கசடு. வடிகோபுரத்தில் பாதியளவு எண்ணெய் ஆவியாகி மேலேறினால், மிச்சம் கறுத்துக் கெட்டியாக அடியில் நிற்கும். தொடக்க காலத்தில் அதன் பெரும்பகுதி உலை எண்ணெயாகவும் தாராகவும் விலைபோனது. உலை எண்ணெய் கச்சா எண்ணெயைவிட மலிவு. அதாவது, வாங்கிய விலைக்கும் கீழே விற்பது. 1984 விரிவாக்கத்தோடு வந்த வினையூக்கிச் சிதைப்பு அலகும், 2004இல் 30 லட்சம் டன் திறனோடு எழுந்த மூன்றாம் பிரிவின் ஹைட்ரோகிராக்கரும், 2017-18 வாக்கில் வேலை தொடங்கிய கோக்கர் அலகும் கனமான எண்ணெயை உடைத்து டீசல் போன்ற பொருள்களாக மாற்றவே வந்தன. கோக்கர் வந்தபோது கொள்ளளவு எண் ஒரு டன்கூடக் கூடவில்லை. ஆனால் அதே கச்சா எண்ணெயிலிருந்து கிடைக்கும் பொருள் மாறியது. டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் கூடாது என்ற பாரத் 6 விதி 2020 ஏப்ரலில் வந்தபோது, கந்தகம் நீக்கும் அலகுகளும் இதேபோல ‘கணக்கில் வராத’ முதலீடாகவே சேர்ந்தன.

மேலே வந்த பொருளுக்கு அக்கம்பக்கமே சந்தையாயிற்று. நாப்தா மெட்ராஸ் உர ஆலைக்குப் போனது. மண்ணெண்ணெயையும் புரொப்பிலினையும் நம்பித் தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ், மணலி பெட்ரோகெமிக்கல்ஸ் ஆகியவை முளைத்தன. கச்சா எண்ணெய் இறங்க வேண்டிய சென்னைத் துறைமுகத்திலோ, பெரிய கப்பல்களுக்கான பாரதி துறை 1972இல்தான் வந்தது. ஆலை முந்தி, துறை பிந்தி.

தண்ணீரின் கதை இவற்றைவிட விசித்திரமானது. ஆண்டுக்குப் பல லட்சம் டன் எண்ணெயைச் சூடாக்கிக் குளிர்விக்கும் ஆலையை, கோடைதோறும் குடங்கள் வரிசையில் நிற்கும் நகரத்தின் விளிம்பில் வைத்தார்கள். 1990களின் தொடக்கத்தில் நிறுவனம் நகரின் கழிவுநீரை விலைக்கு வாங்கி, எதிர்ச் சவ்வூடுபரவல் முறையில் தூய்மையாக்கிப் பயன்படுத்தத் தொடங்கியது. இந்தியத் தொழில்துறையில் இது முன்னோடி முயற்சி. பின்னர் காட்டுப்பள்ளிக் கரையில் நாளொன்றுக்குச் சுமார் 2.6 கோடி லிட்டர் தரும் கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையமும் வந்தது. தன் தண்ணீரைத் தானே தேடிக்கொள்ளாமல் ஆலை 105 லட்சம் டன்னை எட்டியிருக்க முடியாது என்றே தோன்றுகிறது.

எட்டிய பின்னும் அந்த எண் ஒரு வரையறை மட்டுமே. பெருந்தொற்று ஆண்டான 2020-21இல் ஆலை 80 லட்சம் டன்னைச் சற்றுத் தாண்டியே பதப்படுத்தியது. 2022-23இலும் 2023-24இலும் 110 லட்சம் டன்னைக் கடந்தது. பராமரிப்பு நிறுத்தம், மணலி வழக்கில் ‘ஷட்டவுன்’, எந்த ஆண்டில் விழுகிறது என்பதும் இந்த ஏற்ற இறக்கத்தில் சேரும்.

ஆலை வாங்கும் எண்ணெய்க்கு அளவு உண்டு. அதைச் சுற்றியுள்ள நிலமும் நீரும் எவ்வளவு தாங்கும் என்பது அந்த எண்ணில் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலையாற்றில் இறங்கி எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்தது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலையையே காரணமாகச் சுட்டியது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வழக்கை எடுத்துக்கொண்டது. படகிலும் வலையிலும் தார் அப்பிய மீனவர்களுக்கு வாரக்கணக்கில் தொழில் இல்லை.

இதே நிறுவனத்தின் நாகப்பட்டினம் ஆலை எதிர்வழியில் நடந்தது. நரிமணம் எண்ணெயை நம்பி 1993இல் பனங்குடியில் 5 லட்சம் டன்னில் தொடங்கி, 2002இல் 10 லட்சம் டன்னாக உயர்ந்தது. கொள்ளளவு கூடியது, கிணறுகள் சுரக்கவில்லை. 2019இல் ஆலை நின்றது. அதே இடத்தில் 90 லட்சம் டன் ஆலைக்கு 2021 பிப்ரவரியில் பிரதமர் அடிக்கல் நாட்டினார். இந்த அளவு எண்ணெயைக் காவிரிப் படுகை தராது. அது கப்பலில்தான் வர வேண்டும். எந்த நாட்டு எண்ணெய், எந்தத் துறை, எந்தத் தண்ணீர் என்று மணலி ஐம்பது ஆண்டுகளில் ஒவ்வொன்றாகச் சந்தித்த கேள்விகளை நாகை ஒரே நேரத்தில் சந்திக்க வேண்டியிருக்கிறது.