எம்.ஐ.எஸ் பேப்பர்னா பயமா? ரேஷன் கடை க்யூவிலேயே பாடம் இருக்கு!

"நாம கம்ப்யூட்டர் குரூப்பே கிடையாதே... இதை எதுக்கு நம்ம தலையில கட்டுறாங்க?" பி.பி.ஏ, பி.காம் படிக்கிறவங்க எம்.ஐ.எஸ் பேப்பரைப் பார்த்ததும் கேட்கிற முதல் கேள்வி இதுதான். காலையில ஒலக்கூர் ஸ்டேஷன்ல ரயிலேறி திண்டிவனத்துக்கோ விழுப்புரத்துக்கோ காலேஜ் போறவங்களும் இதுக்கு விதிவிலக்கு இல்ல. பரீட்சைக்கு முந்தின நாள் நாலு டெஃபனிஷனை மனப்பாடம் பண்ணி, எழுதிட்டு வந்ததும் மறந்துடுறோம். ஆனா, டிகிரி முடிச்சதும் வேலைக்கு நேரடியா கைகொடுக்கக்கூடிய பேப்பர்கள்ல இதுவும் ஒண்ணு. கொஞ்சம் நிதானமா பார்ப்போமா?

அது என்ன எம்.ஐ.எஸ்?

மேனேஜ்மென்ட் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ். தமிழில் மேலாண்மைத் தகவல் அமைப்பு. முடிவு எடுக்க வேண்டியவருக்கு, அவருக்குத் தேவையான விவரம், முடிவு எடுக்கும் நேரத்துக்கு முன்னாடி போய்ச் சேரணும். அதுக்கான ஏற்பாடுதான் இது. கம்ப்யூட்டர் அந்த ஏற்பாட்டில் ஒரு கருவி மட்டுமே. ஆட்கள், நடைமுறை, விவரம், கருவி எல்லாம் சேர்ந்ததுதான் 'சிஸ்டம்'.

அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1968-ல் இந்தத் துறைக்கான முனைவர் பட்டப் படிப்பைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் கோர்டன் டேவிஸ். 1974-ல் வெளிவந்த அவருடைய புத்தகம் உலகம் முழுக்கப் பாடப்புத்தகமானது. ஆக, இது பிசினஸ் மாணவர்களுக்காகவே வளர்ந்த பாடம். கோடிங் தெரியலையேன்னு ஒதுங்க வேண்டியதில்லை.

ஒரே பில், மூணு பார்வை

பாடத்தைப் புரிஞ்சுக்க நம்ம ரேஷன் கடையே போதும். தமிழ்நாட்டில் ஸ்மார்ட் ரேஷன் கார்டு 2017 ஏப்ரல் 1 முதல் வழங்கப்பட்டது. அதுக்கு முன்னாடி, விற்பனையாளர் நம்ம கார்டிலும் தன் நோட்டிலும் கையால எழுதிக்குவார். இப்போ கார்டை மெஷின்ல ஸ்கேன் பண்றாங்க, பில் விழுது, இருப்பு குறையுது, வீட்டு மொபைலுக்கு எஸ்.எம்.எஸ் வருது.

'இந்தக் கார்டுக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு சர்க்கரை' என்பது தரவு, அதாவது டேட்டா. 'மாசம் முடிய அஞ்சு நாள் இருக்கு, இந்தக் கடையில பாமாயில் தீரப்போகுது' என்பது தகவல். முதலாவதை வெச்சு ஒரு முடிவும் எடுக்க முடியாது. ரெண்டாவதை வெச்சு எடுக்கலாம். தேர்வில் அடிக்கடி வர்ற 'டேட்டாவுக்கும் இன்ஃபர்மேஷனுக்கும் வித்தியாசம்' கேள்விக்கு இந்த உதாரணத்தையே எழுதலாம்.

நிர்வாக முடிவுகளை மூணு அடுக்காப் பிரிச்சுக் காட்டியவர் ராபர்ட் அந்தோணி. வருஷம் 1965. அதை ரேஷன் கடையில் பொருத்திப் பாருங்க:

* கடை விற்பனையாளர்: இன்னிக்கு எத்தனை பில், கையில எவ்வளவு இருப்பு? இது அன்றாடச் செயல்பாடு.
* வட்ட வழங்கல் அலுவலர்: எந்தக் கடையில இருப்பு இடிக்குது, எங்க சரக்கு தேங்குது? இது நிர்வாகக் கட்டுப்பாடு.
* மாநில அளவில் துறை: வர்ற மாசங்களுக்கு எவ்வளவு கொள்முதல், எந்தத் திட்டத்தை மாத்தணும்? இது நீண்டகாலத் திட்டமிடல்.

மூணு பேரும் பார்ப்பது அதே பில்களைத்தான். மேல போகப் போக விவரம் சுருங்குது, கேள்வி பெருசாகுது. எல்லா பில்லையும் அப்படியே மேலதிகாரியின் மேஜையில் கொட்டினா அது ரிப்போர்ட் ஆகாது.

ஸ்கிரீன் சொல்லாத விஷயம்

2020-ல் கைரேகை வெச்சுப் பொருள் வாங்கும் முறை வந்தது. களை எடுத்து, கரும்பு வெட்டித் தேய்ஞ்ச விரல்களை மெஷின் சில நேரம் ஏத்துக்காது. ஒரு பாட்டி ரெண்டு முறை விரல் வெச்சுப் பார்த்துட்டு, 'அப்புறம் வர்றேன்'னு திரும்பிப் போயிட்டாங்கன்னு வெச்சுக்குங்க. ரிப்போர்ட்டில் அவங்க கார்டு 'பொருள் வாங்கவில்லை' கணக்கில் சேரும். உண்மையில் அது 'வாங்க முடியவில்லை'.

இந்த ஒரு சொல் வித்தியாசத்தில் ஒரு வீட்டோட சாப்பாடு இருக்கு. ரிப்போர்ட்டை மட்டும் பார்க்கிறவர், 'இந்தப் பக்கம் தேவை குறைவு'ன்னு முடிவு கட்டலாம். சரியா வடிவமைச்ச அமைப்பில், விரல் ஏற்காத முயற்சிகளும் தனியாப் பதிவாகணும், மாற்று வழியும் இருக்கணும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? எதைப் பதிவு பண்ணலையோ, அது எந்த ரிப்போர்ட்டிலும் வராது. 'ஃபீட்பேக்', 'டேட்டா குவாலிட்டி'ன்னு புத்தகத்தில் ரெண்டு பக்கத்தில் முடியற விஷயம் இதுதான்.

எப்படிப் படிக்கலாம்?

* ஒவ்வொரு பாடத்துக்கும் உங்க ஊர்ல ஒரு இடத்தைப் பிடிச்சுக்குங்க. பால் சொசைட்டி, மெடிக்கல் ஷாப், ரயில்வே டிக்கெட் கவுன்ட்டர் எதுவானாலும் சரி. உள்ளே என்ன போகுது, என்ன வெளியே வருது, அதை வெச்சு யார் முடிவு எடுக்கிறாங்கன்னு ஒரு பக்கத்தில் படம் போடுங்க.
* மத்திய அரசின் அக்மார்க்நெட் தளத்தில் விளைபொருள்களின் வரத்து, குறைந்த விலை, அதிக விலை, பெரும்பாலான சரக்கு விற்ற விலை எல்லாம் இலவசமாக் கிடைக்கும். விழுப்புரம் மாவட்டத்தின் மணிலா விலையை ஒரு மாசத்துக்கு எடுத்து எக்ஸெல்லில் போடுங்க. வரத்து கூடின நாள்ல விலை என்னாச்சுன்னு பாருங்க. உங்க முதல் எம்.ஐ.எஸ் ரிப்போர்ட் ரெடி!
* பிவோட் டேபிள், விலுக்கப், சம்இஃப்ஸ் மூணையும் கைப்பழக்கமா ஆக்கிக்குங்க. அப்புறம் எஸ்.க்யூ.எல் அடிப்படை.
* என்.பி.டி.இ.எல் தளத்தில் ஐ.ஐ.டி பேராசிரியர்களின் எம்.ஐ.எஸ் வகுப்புகளை இலவசமாப் பார்க்கலாம். சான்றிதழ் தேர்வுக்கு மட்டும் கட்டணம். உங்க காலேஜில் 'நான் முதல்வன்' திட்டத்தில் என்ன கோர்ஸ் இருக்குன்னும் விசாரிங்க.

வேலை?

வேலைவாய்ப்புத் தளங்கள்ல 'எம்.ஐ.எஸ் எக்ஸிகியூட்டிவ்'னு தேடிப் பாருங்க. வங்கி, ஃபைனான்ஸ், கூரியர், தொழிற்சாலைன்னு பல இடங்கள்ல இந்தப் பதவி இருக்கு. தினசரி விற்பனை, வசூல், இருப்பு விவரங்களைத் தொகுத்து மேனேஜருக்குக் கொடுப்பதுதான் வேலை. ஒலக்கூர் வழியா ஓடுற அதே ரயில் பாதையில் இருக்கிற செங்கல்பட்டு, மறைமலைநகர் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கும் இப்படி ஆட்கள் தேவைப்படும்.

இன்டர்வியூவில் டெஃபனிஷன் சொல்றவங்க நிறைய பேர் வருவாங்க. நீங்க ஒரு மாச மணிலா விலையை எடுத்துக் காட்டி, 'இதுல இந்த ரெண்டு நாள் கணக்கு விட்டுப்போயிருக்கு, காரணம் தேடினேன்'னு சொல்லிப் பாருங்க. பேச்சு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.