மேட்டூர் மின்சாரமும் இரண்டு சட்டங்களும்

கரண்ட் போனால் பள்ளிபாளையத்தில் தறி நிற்கும், வந்ததும் ஓட்டிக்கொள்ளலாம். நாமக்கல் குஞ்சு பொரிப்பகத்தில் அந்தச் சலுகை கிடையாது. 21 நாள் சூடு தப்பாமல் இருக்க வேண்டிய முட்டைகள் அவை. டீசல் இருக்கும்வரைதான் ஜெனரேட்டர் காப்பாற்றும். கணினிகளைத் தாக்கியும் கரண்டை நிறுத்த முடியும். சரி, 1,440 மெகாவாட் திறனுள்ள மேட்டூர் அனல்மின் நிலையத்தின் கணினிகளுக்குள் யாரும் புகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லும் சட்டம் எது?

ஒரே பதில் இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ல் வந்தது. மின்னணு வணிகத்துக்காகப் பிறந்த சட்டம். சைபர் பயங்கரவாதத்துக்கு ஆயுள் தண்டனை 2008 திருத்தத்தில் சேர்ந்தது. சைபர் தாக்குதல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குச் சொல்ல வேண்டும் என்பது 2022 ஏப்ரல் உத்தரவு. மின்துறைக்கென்று மத்திய மின்சார ஆணையம் 2021-ல் தந்தவை வழிகாட்டுதல்கள். ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டே ஓட்டுகிறோம்.

சிங்கப்பூர் சைபர் பாதுகாப்புக்கென்று 2018-ல் தனிச் சட்டமே இயற்றியது. மின்சாரம், தண்ணீர், மருத்துவம் என 11 துறைகள். மேலே ஓர் ஆணையர். முக்கியக் கணினி அமைப்பை வைத்திருப்பவர் ஆண்டுதோறும் ஆபத்துகளை மதிப்பிட வேண்டும், இரண்டாண்டுக்கு ஒருமுறை தணிக்கை செய்ய வேண்டும். தவறினால் அபராதமோ சிறையோ உண்டு. நம் சட்டம் பெரிதும் திருடனைப் பார்க்கிறது. அவர்களுடையது வீட்டுக்காரனையும் கேள்வி கேட்கிறது.

ஆனால் சிங்கப்பூரின் வெளிப்படைத்தன்மைக்கு அந்தச் சட்டம் மட்டுமே காரணமல்ல. அது நடைமுறைக்கு வருவதற்குள்ளேயே, 2018 ஜூன், ஜூலையில், அந்நாட்டின் சிங்ஹெல்த் மருத்துவமனைகளிலிருந்து 15 லட்சம் பேரின் விவரங்கள் களவு போயின. அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கின் மருந்து விவரமும் அதில் அடக்கம். ஜூலை 20-ல் அரசே அறிவித்தது. வேறொரு சட்டத்தின்கீழ் அமைந்த விசாரணைக் குழுவின் அறிக்கை 2019 ஜனவரியில் வெளியானது.

நம் கூடங்குளம் அணுமின் நிலையத்தில்? கணினியில் தீநிரல் (மால்வேர்) புகுந்ததை 2019 செப்டம்பர் 4 அன்றே செர்ட்-இன் அணுமின் கழகத்துக்குச் சொல்லிவிட்டது. அக்டோபர் 29-ல் தாக்குதல் சாத்தியமே இல்லை என்றது அணுமின் நிலையம். மறுநாள், நிர்வாகக் கணினி ஒன்றில் தீநிரல் இருந்தது உண்மைதான் என்றது அணுமின் கழகம். உலைக் கட்டுப்பாட்டு அமைப்பு தனியே இருப்பதால் அதற்குப் பாதிப்பில்லை என்றார்கள். இருக்கட்டும், ஏறத்தாழ எட்டு வாரம் மக்களுக்கு ஏன் தெரியவில்லை?

சிங்கப்பூர் சட்டத்தை அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியாது. அங்கே மாநிலங்கள் இல்லை. மேட்டூர் நிலையம் தமிழ்நாடு அரசுடையது. ஆனால் தென்னக மின்கட்டமைப்பு 2013 டிசம்பர் 31-லேயே தேசியக் கட்டமைப்போடு இணைந்துவிட்டது. கம்பிக்கு மாநில எல்லை தெரியாது என்பதால் நாடாளுமன்றச் சட்டம் வேண்டும். தணிக்கைச் செலவு யாருடையது, மாநில மின்நிறுவனம் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும், எத்தனை நாளில் மக்களுக்கு அறிவிக்க வேண்டும் என்பதையும் அதிலேயே எழுத வேண்டும்.